காத்தலும் கேட்டலும்

பெற்றோரைப் பேணுதல் மக்களின் கடமை என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகிய நான்கையும் குறைவின்றி அளிப்பவனை உலகம் நன்மகன் என்று போற்றுகிறது. 2007-ஆம் ஆண்டு நம் நாடாளுமன்றம் இயற்றிய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டமும் பராமரிப்பு என்னும் சொல்லுக்கு இந்நான்கையே பொருளாகக் கூறுகிறது. ஆயினும், இந்நான்கையும் குறைவறப் பெற்றுக்கொண்டு, பேச்சற்றுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியோரை நாம் எத்தனை இல்லங்களில் காண்கிறோம்! அவர்களுக்கு என்ன குறை என்று வினவினால், பெற்ற மக்களுக்கும் சொல்லத் தெரிவதில்லை. அவர்களுக்குமே சொல்லத் தெரிவதில்லை.

இளமையில் நம்மை ஆளாக்கியவர்கள் முதுமையில் நம் ஆளுகைக்குள் வருகிறார்கள். அவர்கள் எங்கே செல்லலாம், எதை உண்ணலாம், எப்போது உறங்கலாம் என்பனவற்றை நாம் முடிவு செய்யத் தொடங்குகிறோம். இதனை அன்பு என்றே நம்புகிறோம். பெரும்பாலும் அஃது அன்பே. ஆனால் பேணுதல் என்பது காவல் ஆகிவிடும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தை நாம் கடந்து செல்வது நமக்கே தெரிவதில்லை.

ஆகவே இங்கு ஒரு வினாவை எழுப்பி, அன்பர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறோம். முதுமையடைந்த தாயோ தந்தையோ தம் உடலுக்கு இடர் தரத்தக்க ஒன்றை விரும்பினால், அதற்கு இடந்தருவது அறமா? தடுத்து நிறுத்துவது அறமா?

வினா எழுந்த வகை

இவ்வினா எங்கள் குடும்பத்தில் ஏட்டு வினாவாக எழவில்லை. எம் தந்தையார் வந்தவாசிப் பகுதிச் சிற்றூர்ப் பள்ளியில் 34 ஆண்டுகள் புவியியல் கற்பித்தவர். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் ஒரே இழுப்பில் பாரதத்தின் எல்லைக்கோட்டை வரைந்துவிடுவார். சிந்து, சட்லெஜ், பிரமபுத்திரா ஆகிய மூன்றும் இமயத்தினும் பழமையானவை என்றும், மலை மெல்ல எழுந்தபோது ஆறு தன் வழியை விட்டுக்கொடாமல் அறுத்துக்கொண்டே ஓடியது என்றும் ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்வார். கயிலை மலைப்பகுதியில் தோன்றும் சட்லெஜ், ஷிப்கி கணவாயின் அருகே நம் நாட்டுக்குள் புகுந்து, பாறைச் சுவர்களுக்கிடையே பாய்ந்து, 1963-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட 226 மீட்டர் உயரமுள்ள பக்ரா அணையில் தேங்குவது வரை, அந்த ஆற்றை அவர் படிப்படியாக நடத்திச் செல்வார். ஆதி பகவன் முத்தி எய்திய இடமாக நாம் வணங்கும் கயிலையின் பக்கத்திலிருந்து வரும் ஆறு என்பதனால் அவருக்கு அதன்மீது தனி ஈடுபாடும் இருந்தது.

2022-ஆம் ஆண்டில் அவருக்கு வயது 78. ஒருநாள் மாலை பேத்திக்கு வரைபடம் கற்பித்துக்கொண்டிருந்தார். அக்குழந்தை, "தாத்தா, இந்த ஆற்றை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். "இல்லை அம்மா" என்றார். அவ்வளவே. ஆனால் அன்று முதல் அவர் பேச்சுக் குறைந்தது. சில வாரங்கள் கழித்து, நாங்கள் வற்புறுத்திக் கேட்டபோது, தம் விருப்பத்தைச் சொன்னார். ஸ்பிதி ஆறு சட்லெஜுடன் கலக்கும் காப் என்னும் இடத்தைக் காண வேண்டும்; அதனையும் குளிர்காலத்தில் காண வேண்டும் என்றார். கோடையில் பனியுருகிய நீர் வண்டலைச் சுமந்து கலங்கி ஓடும். குளிர்காலத்தில்தான் நீர் குறைந்து தெளிந்து, ஆற்றின் இயல்பான நிறம் தெரியும் என்பது அவர் கூறிய காரணம்.

காப், இமாசலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டத்தில், திபெத்து எல்லைக்கு அருகில் உள்ளது. சண்டிகரிலிருந்து மலைப்பாதையில் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். தந்தையாருக்கோ நான்கு ஆண்டுகளுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டிருந்தது. எங்கள் இல்லம் இரு கட்சியாகப் பிரிந்தது.

இரு மறுப்புகள்

முதல் மறுப்பு உயிர் பற்றியது. எம் தமக்கையார் அதனைத் தெளிவாக எடுத்துரைத்தார். "உயிரினும் பெரியது விருப்பமா? அப்பா கேட்டார் என்பதற்காக நெருப்பைக் கையில் கொடுப்போமா? வழியில் ஒன்று நேர்ந்தால், அவர் விருப்பம் நிறைவேறிற்று என்று சொல்லி நம் மனம் ஆறுமா?" என்று கேட்டார். இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. 2,500 மீட்டருக்கு மேலே செல்வோர் எவர்க்கும், வயது வேறுபாடின்றி, உயரத்தால் வரும் நோய் தோன்றக்கூடும். தலைவலியில் தொடங்கும் அது, பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே உலை வைத்துவிடும்.

இரண்டாவது மறுப்பு நுட்பமானது. அதனை எழுப்பியவர் தந்தையாரேதான். "பற்றைக் குறைக்க வேண்டிய வயதில் புதிய பற்றொன்றை வளர்க்கிறேனோ?" என்று அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். முதுமை ஆசைகளைக் களையும் காலம் அன்றோ? பிள்ளைகள் பெற்றோரின் ஆசைக்கு எண்ணெய் வார்ப்பது அவர்களுக்குச் செய்யும் நன்மை ஆகுமா?

இரண்டு நாள் கழித்து, அவ்வினாவுக்குத் தாமே விடையும் கண்டார். "ஒரு பொருளை எனதாக்கிக்கொள்ள விரும்புவது பற்று. 34 ஆண்டுகளாகக் காணாத ஒன்றைக் கண்டவன்போலப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன். நான் சொன்னது உண்மைதானா என்று ஒருமுறை பார்க்க விரும்புகிறேன். இதில் எனக்கென்று எடுத்துவர எதுவும் இல்லை" என்றார்.

இவ்விடை எங்களைச் சிந்திக்க வைத்தது. விருப்பம் என்னும் ஒரே சொல்லில் நாம் வெவ்வேறு பொருள்களைப் போட்டு மூடிவிடுகிறோம். நாவின் விருப்பம் ஒன்று. பிறர்முன் பெருமைப்படும் விருப்பம் ஒன்று. வாழ்ந்த வாழ்க்கையைச் சரிபார்த்துக்கொள்ளும் விருப்பம் இன்னொன்று. மூன்றாவது விருப்பத்தை முதல் இரண்டோடு சேர்த்து எண்ணி, "இந்த வயதில் இது எதற்கு?" என்று ஒதுக்குவோமானால், அவருடைய வாழ்க்கையையே நாம் ஒதுக்கியவர் ஆவோம். உடலுக்குச் செய்யும் துன்பம் மட்டுமே இன்னா செய்தல் ஆகாது. ஆராய்ந்து தெளிந்த ஒருவருடைய எண்ணத்தைக் கேளாமலே மிதிப்பதும் இன்னா செய்தலே. காயம் தெரியாத காரணத்தால் அதனைச் செய்தவர் உணர்வதில்லை.

ஆனால், கேட்பது வேறு. கேட்டதையெல்லாம் செய்துவிடுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே வழி உண்டா என்பதே அடுத்து எழுந்த சிக்கல்.

மூன்று உடன்பாடுகள்

மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் சோதனைகள் செய்தபின், மெல்ல மெல்ல ஏறிச் செல்வதானால் செல்லலாம், உடல் மறுத்தால் அக்கணமே கீழே இறங்கிவிட வேண்டும், ஆயினும் எதற்கும் தாம் உறுதி சொல்வதற்கில்லை என்றார். நேர்மையான சொல். அதன்பின் தந்தையாரை நடுவில் அமர்த்தி, நாங்கள் எல்லோரும் கூடி மூன்று உடன்பாடுகள் செய்துகொண்டோம்.

முதலாவது: தந்தையார் தம் உடலில் தோன்றும் எந்தத் துன்பத்தையும் மறைக்கக்கூடாது, நாங்களும் வழியின் இடரையோ மருத்துவர் சொல்லையோ அவரிடம் மறைக்கக்கூடாது.

இரண்டாவது: பாதையைப் பற்றி வண்டி ஓட்டுபவர் சொல்வதே முடிவு. இதனைச் சேர்த்தவர் தந்தையார். "என் உயிரை நான் பணயம் வைக்கலாம், அந்தப் பிள்ளையின் உயிரை வைக்க எனக்கு உரிமை இல்லை" என்றார். நம் விருப்பங்கள் நம்மோடு முடிவதில்லை என்பதை இது நினைவூட்டியது. பனியில் சிக்கிய ஒருவரை மீட்க எத்தனையோ பேர் தம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது.

மூன்றாவது: திரும்பிவிடலாம் என்று யார் முதலில் சொன்னாலும், அவரைப் பின்னர் ஒருபோதும் குறை கூறக்கூடாது.

இம்மூன்றனுள் முதலாவதுதான் கடினமானது. நம் இல்லங்களை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் மனம் நோகும் என்று தாய் தன் முழங்கால் வலியை மறைக்கிறாள். அம்மா கவலைப்படுவாள் என்று மகன் தன் வேலை போனதை மறைக்கிறான். இருவரும் அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் மறைக்கப்பட்டவர் ஒவ்வொருவரும் அந்த அளவுக்குக் குழந்தையாக்கப்படுகிறார். உண்மையைத் தாங்கும் வலிமை அவருக்கு இல்லை என்று நாம் தீர்ப்பளித்துவிடுகிறோம். மறைப்பு நிறைந்த வீட்டில் எந்த முடிவும் சரியான முடிவாக இராது. ஏனெனில் முடிவு செய்யத் தேவையான செய்தி எவரிடமும் முழுமையாக இல்லை.

உடன்பாடு முடிந்தபின் தமக்கையார், "இனி எனக்குத் தடையில்லை" என்றார். அவர் கேட்டுக்கொண்டிருந்தது மறுக்கும் உரிமையை அன்று. மறைக்காத உறுதியைத்தான் என்பது அப்போது விளங்கிற்று.

குளிர்காலப் பாதை

அவ்வாண்டு டிசம்பர் முதல் வாரத்தில் புறப்பட்டோம். 2,200 மீட்டர் உயரமுள்ள சிம்லாவில் ஓரிரவு தங்கினோம். நார்கண்டா மேட்டைக் கடந்து, மீண்டும் ஏறக்குறைய 1,000 மீட்டருக்கு இறங்கி, சட்லெஜ் கரையிலுள்ள ராம்பூரில் ஓரிரவு தங்கினோம். அங்கிருந்து ஆற்றின் கரையோடு செல்லும் பாதை, 1850-இல் டல்ஹௌசி பிரபுவின் காலத்தில் தொடங்கப்பெற்ற இந்துஸ்தான்–திபெத்துப் பெருவழியின் வழித்தோன்றல். இன்று 5-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. பல இடங்களில் மலையின் விலாவைக் குடைந்து, பாறையே கூரையாக நிற்கப் பாதை செல்கிறது. ஒருபுறம் பாறை, மறுபுறம் பாதாளம்.

2,290 மீட்டரில் உள்ள ரெக்காங் பியோவில் இரண்டு இரவும், அதற்கு மேலே 2,960 மீட்டரில் உள்ள கல்பாவில் இரண்டு இரவும் தங்கி, உடலைப் பழக்கினோம். ஆப்பிள் மரங்கள் இலையுதிர்ந்து குச்சிகளாய் நின்றன. வீட்டுக் கூரைகளில் வைக்கோலும் விறகும் அடுக்கப்பட்டிருந்தன. குழாய்நீர் உறைந்துவிடுவதால், குடத்தில் கொண்டுவந்து ஊற்றினார்கள். எதிரே 6,050 மீட்டர் உயரமுள்ள கின்னர் கயிலாசம். தந்தையார், "இது வேறு கயிலை" என்று எங்களுக்குப் பாடம் சொன்னார். அறைநடுவே விறகு எரியும் தகர அடுப்பைச் சுற்றி அமர்ந்து, எங்கள் நினைவறிந்த நாள் முதல் கேட்டிராத அவருடைய இளமைக் கதைகளைக் கேட்டோம். ஊரில் ஒரே கூரையின்கீழ் இருந்தும் அதற்கு எங்களுக்கு ஓய்வு வாய்த்ததில்லை.

உணவில் ஒரு சிக்கல் எழுந்தது. தந்தையார் பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர். டிசம்பரில் அங்குப் பொழுது சாய்வது மாலை ஐந்தேகால் மணி அளவில். ஆனால் ஆழ்ந்த பள்ளத்தாக்கில், மலைமுகட்டின் பின்னே சூரியன் மூன்று மணிக்கே மறைந்துவிடும் இடங்கள் உண்டு. "பஞ்சாங்கப்படி இன்னும் நேரம் இருக்கிறதே" என்றோம். "கண்ணுக்கு மறைந்தபின் கணக்கைக் காட்டி வாதாட வேண்டாம். எனக்கு வசதியான சூரியனை நான் வைத்துக்கொள்ளக்கூடாது" என்றார். எங்களோடு வந்த கின்னௌர் நாட்டு ஓட்டுநர் இதனைக் கேட்டறிந்து, மறுநாள் முதல் வெயில் விழும் திருப்பம் ஒன்றைத் தேடி, இரண்டு மணிக்கே வண்டியை நிறுத்தி, "மாஸ்டர்ஜி, வெயில் இருக்கிறது, சாப்பிடுங்கள்" என்பார். தந்தையாரின் நோன்பைப் பற்றி அவர் எதுவும் அறிந்தவர் அல்லர். ஆனால் கேட்டார், கேட்டபின் பின்பற்றினார்.

அந்த ஓட்டுநரிடம் நாங்கள் கற்ற மற்றொன்றும் உண்டு. பாதையின் குறுக்கே ஓடும் ஓடைநீர் இரவில் கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும். அதிகாலையில் புறப்பட்டால் சக்கரம் வழுக்கும். வெயில் ஏறிய பின்னரோ, பாறை இடுக்கில் உறைந்த பனி இளகி, கற்கள் உருண்டு விழும். இரண்டு இடர்களுக்கும் இடைப்பட்ட சில மணி நேரமே பயணத்துக்கு உரிய நேரம். இடரே இல்லாத நேரம் என்று ஒன்று அந்தப் பாதையில் இல்லை. அதனை எதிர்பார்த்துக் காத்திருப்பவன் புறப்படவே மாட்டான். அதனைக் கருதாமல் புறப்படுபவன் சேரவே மாட்டான். இரண்டையும் அறிந்து நேரம் பார்ப்பவனே வழியறிந்தவன். முதியோர் திறத்திலும் நமக்கு வேண்டிய அறிவு இதுவே என்று தோன்றுகிறது.

திரும்பிய இடம்

ஏழாம் நாள் முற்பகலில் காப் பாலத்தை அடைந்தோம். மரம், புல், பூண்டு ஒன்றும் இல்லாத செம்மண்நிறப் பாறைகளின் நடுவே, பச்சையும் நீலமும் கலந்த தெளிந்த நீராய் இரண்டு ஆறுகளும் வந்து கூடுகின்றன. நிழல்பட்ட ஓரங்களில் பனிக்கட்டி விளிம்பிட்டிருந்தது. தந்தையார் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நீண்ட நேரம் நின்றார். செங்குத்தாக அறுக்கப்பட்ட பாறைச் சுவரைச் சுட்டிக்காட்டி, "நான் சொன்னது சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் திட்டம் அத்துடன் முடியவில்லை. அங்கிருந்து கொண்டைஊசி வளைவுகளில் ஏறினால் 3,660 மீட்டர் உயரத்தில் நாக்கோ என்னும் சிற்றூரும் அதன் ஏரியும் உள்ளன. அடுத்த நாள் தாபோ. அங்குள்ள பௌத்த மடம் கி.பி. 996-இல் நிறுவப்பட்டது, ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த சுவரோவியங்களை உடையது. அவற்றைக் காண எங்களுக்குப் பெரிதும் ஆவல் இருந்தது. நாக்கோவின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே இருக்கும் என்பதைத் தந்தையாரிடம் முன்பே சொல்லியிருந்தோம்.

வளைவுகளில் பாதியளவும் ஏறியிருக்கமாட்டோம். தந்தையார் ஓட்டுநரின் தோளைத் தொட்டு நிறுத்தச் சொன்னார். "தலை கனக்கிறது. மூச்சு ஒத்துவரவில்லை. முதல் உடன்பாட்டின்படி சொல்கிறேன்" என்றார். ஓட்டுநர் ஒரு சொல்லும் பேசாமல், அகன்ற இடம் வந்ததும் வண்டியைத் திருப்பினார். உயர நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவதே. இரண்டு மணி நேரத்தில் அவர் தெளிவடைந்தார். அன்றிரவே ரெக்காங் பியோவில் மருத்துவரிடம் காட்டி, ஆபத்து இல்லை என்று அறிந்தோம்.

இறங்கும் வழியில் தந்தையார் மகிழ்ச்சியோடு இருந்தார். வாட்டம் எங்களிடத்தில்தான் இருந்தது. தாபோவைக் காணாமல் போகிறோமே என்ற வாட்டம் அது. அவர் கேட்டது ஆறு. மடத்தைச் சேர்த்தது நாங்கள். பெற்றோருக்காகச் செய்வதில் நம் ஆசையும் எவ்வளவு எளிதாக வந்து கலந்துகொள்கிறது! தந்தையார் தமக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்பதை அளந்து வைத்திருந்தார். சூரியனிடம் பேரம் பேசாதவர் தம் உடலிடமும் பேரம் பேசவில்லை. ஆசை என்று நாங்கள் ஐயுற்றது, போதும் என்று சொல்லத் தெரிந்த விருப்பமாக இருந்தது. பற்றுக்கும் விருப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிய இதனினும் தெளிந்த உரைகல் வேறு இல்லை.

இன்னொரு பனிமலை

இவ்விடத்தில் அன்பர்கள் ஒரு தடை எழுப்பக்கூடும். "முதியோர் விரும்பினால் கேட்க வேண்டும் என்கிறீர்கள், அவர்கள் விரும்புவதாகச் சொல்வதெல்லாம் அவர்களுடைய விருப்பந்தானா?" என்பதே அது. இத்தடை மிகவும் பொருளுடையது.

ஜப்பானிய எழுத்தாளர் புகாசாவா ஷிச்சிரோ 1956-இல் எழுதிய நாராயாமா மலையைப் பற்றிய கதை ஒன்று உண்டு. இமாமுரா ஷோகெய் அதனைத் திரைப்படமாக்கி 1983-இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதைப் பெற்றார். பசி மிகுந்த மலைச் சிற்றூர் அது. எழுபது வயதை எட்டியவரை மகன் முதுகில் சுமந்துசென்று மலையில் விட்டு வருவது அவ்வூர் வழக்கம். ஓரின் என்னும் தாய் நல்ல உடல் வலிமையோடு இருக்கிறாள். உறுதியான பற்கள் இருப்பது தன் வயதுக்கு வெட்கம் என்று கருதி அவற்றைத் தானே உடைத்துக்கொள்கிறாள். புறப்படலாம் என்று அவளே மகனை வற்புறுத்துகிறாள். மகன் மனமின்றிச் சுமந்து செல்கிறான். அவளை விட்டு இறங்கும்போது பனி பெய்கிறது. அதே ஊரில், போக மறுக்கும் தன் தந்தையைக் கயிற்றால் கட்டிக் கொண்டுசென்று பள்ளத்தில் தள்ளிவிடும் மகனும் இருக்கிறான்.

இரண்டாம் மகனின் கொடுமையை யாரும் காணலாம். ஓரினின் நிலைதான் நம்மைக் கலங்க வைக்கிறது. அவள் தானே விரும்பித்தான் போனாள். ஆனால் அந்த விருப்பத்தை அவளுக்குள் வைத்தது யார்? ஒரு வாய்ச் சோறு குறைந்தால் பேரக்குழந்தை பிழைக்கும் என்ற ஊரின் பசி அது. தன்னைச் சுமை என்று எண்ணிக்கொண்ட ஒருத்தியின் விருப்பம் அது.

நம் இல்லங்களில் மலை இல்லை, பனியும் இல்லை. ஆனால் "எனக்கு ஒன்றும் வேண்டாம்", "என்னை ஏதாவது ஓர் இல்லத்தில் சேர்த்துவிடுங்கள்", "இந்த வயதில் அறுவைச் சிகிச்சை எதற்கு, வீண் செலவு" என்னும் சொற்கள் கேட்கவே செய்கின்றன. அவற்றை விருப்பம் என்று எடுத்துக்கொண்டு, "அப்பாவே வேண்டாம் என்றுவிட்டார்" என்று மனநிறைவு கொள்வது கேட்டல் ஆகாது. சொல்லைக் கேட்பது ஒரு படி. அச்சொல் எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்பது அடுத்த படி. தாம் சுமை அல்லர் என்பதை ஒருவர் ஐயமற உணர்ந்த பின்னர் எழுகின்ற விருப்பமே அவருடைய சொந்த விருப்பம். அந்த உணர்வைத் தருவதுதான் மக்களின் முதற்கடன். விருப்பத்தை நிறைவேற்றுவது அதற்கு அடுத்தது.

நாம் செய்யத்தக்கது

எல்லோரும் பெற்றோரை இமயத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. பெரும்பாலோர் விருப்பம் அவ்வளவு தொலைவில் இருப்பதும் இல்லை. பூட்டிக் கிடக்கும் சிற்றூர் வீட்டில் ஒரு மாதம் தங்க வேண்டும் என்பது ஒரு தாயின் விருப்பமாக இருக்கலாம். பொன்னூர் மலைப்படிகளை இன்னும் ஒருமுறை தம் காலாலேயே ஏறித் திருவடிகளை வணங்க வேண்டும் என்பது ஒரு தந்தையின் விருப்பமாக இருக்கலாம். பேசாமல் போன உடன்பிறந்தாரை ஒருநாள் பார்த்துவிட வேண்டும் என்பதும் இருக்கலாம். இவை ஒவ்வொன்றிலும் சிறிதோ பெரிதோ ஓர் இடர் உண்டு. விழுந்துவிடுவார், மூச்சு வாங்கும், மனம் நோகும் என்று நாம் உடனே சொல்லிவிடலாம்.

அவ்வாறு சொல்லுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ளத்தக்க வினாக்கள் சில உள. இவ்விருப்பம் தெளிந்து எழுந்ததா, சுமை என்னும் எண்ணத்தால் எழுந்ததா? இதன் இடரை அவரிடம் ஒளிக்காமல் சொன்னோமா? இதனால் பிறருக்குத் துன்பம் நேருமா? இடைவழியில் திரும்புவதற்கு இடம் வைத்திருக்கிறோமா? இறுதியாக, நாம் தடுப்பது அவருடைய நன்மைக்காகவா, நம்முடைய அச்சம் தீர்வதற்காகவா?

கடைசி வினாவே கூர்மையானது. பெற்றோரை வீட்டில் அமர்த்தி வைக்கும்போது அவர்களுக்கு வரும் நன்மை சிறிது. நமக்கு வரும் நிம்மதி பெரிது. நம் நிம்மதிக்கு அவர்கள் விலை கொடுக்கிறார்கள். சில வேளைகளில் அவ்விலை தகுந்ததாகவே இருக்கும். தடுத்தே தீர வேண்டிய நேரங்களும் உண்டு. நினைவு தடுமாறியவரை, தம் இடரை அறிய இயலாதவரை, அவர் போக்கில் விடுவது அன்பு ஆகாது. அப்போதும், தடுப்பதன் காரணத்தை அவர் முகம் பார்த்துச் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது. விலை கொடுப்பவரிடம் சொல்லாமலே விலையைப் பெற்றுக்கொள்வதுதான் தகாதது.

காத்தலும் கேட்டலும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. கேட்காமல் காப்பவன் சிறைக்காவலன் ஆகிறான். காக்காமல் கேட்பவன் பொறுப்பற்றவன் ஆகிறான். கேட்டு, உண்மை பேசி, திரும்பும் வழியையும் வைத்துக்கொண்டு உடன் நடப்பவனே மகன், மகள் என்னும் பெயருக்கு உரியவன். உடன் நடத்தல் என்பதே இதில் முதன்மை. முதியோரைத் தனியே அனுப்பிவிட்டு, விருப்பத்தை நிறைவேற்றிவிட்டோம் என்பதும் போதாது. தனியே அமர்த்திவிட்டுக் காத்துவிட்டோம் என்பதும் போதாது.

அன்பர்களே! இல்லத்தில் உள்ள பெரியோரிடம் நாம் நாள்தோறும் "சாப்பிட்டீர்களா?", "மருந்து எடுத்துக்கொண்டீர்களா?" என்று கேட்கிறோம். நல்ல கேள்விகளே. இவற்றோடு, "இன்னும் காண வேண்டியது, செய்ய வேண்டியது ஏதேனும் மனத்தில் இருக்கிறதா?" என்னும் கேள்வியையும் ஒருநாள் கேட்போம். முதல்முறை கேட்கும்போது "ஒன்றும் இல்லை" என்பார்கள். அத்துடன் எழுந்துவிடாமல், சிறிது நேரம் அருகிலேயே அமர்ந்திருப்போம்.